குவாதலூப் கரையில் ஒரு பகல்: திட்டமும் ஒப்பந்தமும்





கப்பல் சுற்றுலா இன்று நம் குடும்பங்களுக்கும் புதியதன்று. வெளிநாடுகளில் பணிபுரியும் பிள்ளைகள் தம் பெற்றோரையும் உடன்பிறந்தாரையும் அழைத்துச் செல்கின்றனர். கப்பல் ஒரு துறைமுகத்தில் எட்டு அல்லது ஒன்பது மணி நேரம் நிற்கும். அந்த நேரத்தை முன்கூட்டியே வகுத்துக்கொள்ளாதவர்களுக்கு அப்பகல் துறைமுகக் கடைத்தெருவிலேயே கழிந்துவிடுகிறது. தொழுகையும் அவசரத்தில் தவறிப்போகிறது. கடந்த ஜனவரியில் கனடாவில் வசிக்கும் மைத்துனரின் அழைப்பின் பேரில் நாங்கள் மியாமியிலிருந்து கரீபியக் கடலில் பத்து இரவுகள் பயணம் செய்தோம். அதில் குவாதலூப் தீவில் கழித்த ஒரு பகலை எவ்வாறு திட்டமிட்டோம் என்பதையும், அத்திட்டம் எங்களுக்கு எதைக் கற்பித்தது என்பதையும் இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

குவாதலூப் பிரான்சு நாட்டின் கடல்கடந்த பகுதி. வண்ணத்துப்பூச்சியின் இரு சிறகுகள் போல பாஸ்-டேர், கிராண்ட்-டேர் என்னும் இரு பெருந்தீவுகள் அங்கே ஒட்டிக் கிடக்கின்றன. கப்பல்கள் புவாண்ட்-அ-பீத்ர் நகரத் துறைமுகத்தில் நிற்கும். நாணயம் யூரோ. மொழி பிரெஞ்சும் கிரெயோலும். பிரான்சின் பகுதியாயினும் அது ஷெங்கன் எல்லைக்குள் அடங்காது. எனவே கடவுச்சீட்டு, விசா ஆகியவற்றின் நிலையைக் கப்பல் நிறுவனத்திடம் பல மாதங்களுக்கு முன்பே எழுத்து மூலம் கேட்டு, விடையையும் எழுத்து மூலமே பெற்றுக்கொள்வது நலம். நாங்கள் முதலில் செய்த வேலை அதுதான்.

கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலாக்களின் பட்டியல் எங்களுக்கு வந்தது. நாற்பது ஐம்பது பேர் ஏறும் பேருந்து, வரையறுத்த நிறுத்தங்கள், அவற்றில் ஒன்று கரும்பு மது வடிக்கும் ஆலை. லுஹருக்கு நிறுத்துங்கள் என்று அத்தனை பேரிடையே கேட்பதும் கடினம். ஆகவே எட்டுப் பேருக்கு ஒரு சிற்றுந்தும் ஒரு தனி வழிகாட்டியும் அமர்த்திக்கொள்வது என்று முடிவு செய்தோம். தலைக்கு இவ்வளவு என்றில்லாமல் வண்டிக்கு இவ்வளவு என்று பேசியதால் செலவும் ஏறத்தாழ அதே அளவில் வந்தது.

தனி ஏற்பாட்டில் ஓர் அபாயம் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். கப்பல் நிறுவனத்தின் சுற்றுலா தாமதமானால், கப்பல் காத்திருக்கும். அல்லது பயணிகளை அடுத்த துறைமுகத்தில் சேர்ப்பிக்க நிறுவனம் பொறுப்பேற்கும். தானாகச் சென்றவர் தாமதமானால் கப்பல் போய்விடும். ஆதலால் எங்கள் திட்டத்தை நாங்கள் புறப்படும் நேரத்திலிருந்து தொடங்காமல், திரும்பும் நேரத்திலிருந்து பின்னோக்கி எழுதினோம்.

இதில் கடிகாரத்தின் குழப்பம் ஒன்றும் உண்டு. குளிர்காலத்தில் குவாதலூப் நேரம் மியாமி நேரத்தைவிட ஒரு மணி முந்தியது. சில கப்பல்கள் துறைமுகத்து நேரத்துக்கு மாறிக்கொள்ளும். சில மாறாமல் புறப்பட்ட ஊரின் நேரத்தையே வைத்துக்கொள்ளும். எங்கள் கப்பல் மாறவில்லை. அதன் கணக்கில் காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை என்பது கரையின் கணக்கில் ஒன்பது முதல் ஆறு வரை. இதைக் கேட்டறியாமல் "எட்டு மணிக்கு வாருங்கள்" என்று வழிகாட்டிக்கு எழுதியிருந்தால், அவர் ஒரு மணி நேரம் வெயிலில் நின்றிருப்பார். எனவே ஒவ்வொரு நேரத்தையும் "கப்பல் நேரம், கரை நேரம்" என்று இரண்டாக எழுதினோம். அனைவரும் கப்பலுக்குள் இருக்க வேண்டிய நேரம் கரைக் கணக்கில் ஐந்தரை. நாங்கள் துறைமுக வாயிலில் நான்கு மணிக்கே நிற்பது என்று வைத்துக்கொண்டோம். வழியில் டயர் பழுதானாலும் வாகன நெரிசல் ஏற்பட்டாலும் அந்த ஒன்றரை மணி நேரம் தாங்கும்.

இனி, எங்கே செல்வது? இதில்தான் குடும்பத்துக்குள் கருத்து வேறுபாடு எழுந்தது.

பிள்ளைகள் கிராண்ட்-டேரில் உள்ள சேன்ட்-ஆன் வெண்மணற் கடற்கரையை விரும்பினர். மைத்துனர் கார்பே அருவியைக் காண விரும்பினார். அதன் இரண்டாம் வீழ்ச்சி மட்டுமே 110 மீட்டர் உயரம். எழுபது வயதான மாமி மட்டும், "அந்தத் தீவுக்கு நம்ம பக்கத்து ஆளுங்க போனாங்களாமே, அவங்க இருந்த இடத்தைப் பாக்கணும்" என்றார்கள்.

மாமியின் ஆசைக்குக் காரணம் உண்டு. எங்கள் ஊர் காரைக்காலுக்கும் நாகூருக்கும் இடைப்பட்ட கடலோரம். மாமியின் பாட்டனாருக்குச் சிறிய தகப்பனார் ஒருவர் காரைக்காலில் கப்பலேறிச் சென்று திரும்பவே இல்லை என்பது அவர்கள் வீட்டில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. எந்தத் தீவுக்குச் சென்றார் என்பது எவருக்கும் தெரியாது. பிரெஞ்சுக்காரர்களின் தோட்டங்கள் ரியூனியனிலும் இருந்தன, மார்த்தினிக்கிலும் இருந்தன, குவாதலூப்பிலும் இருந்தன.

பிரெஞ்சுக் குடியேற்றங்களில் 1848 இல் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. விடுதலை பெற்றவர்களில் பலர் தங்களை வதைத்த கரும்புத் தோட்டங்களுக்குத் திரும்ப விரும்பவில்லை. தோட்ட முதலாளிகள் புதிய கைகளைத் தேடினர். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஆள் சேர்ப்பு நடந்தது. 1853 இல் மார்த்தினிக்கில் முதல் கூட்டம் இறங்கியது. 1854 டிசம்பர் 24 அன்று 'ஒரேலி' என்னும் கப்பல் புவாண்ட்-அ-பீத்ர் துறையை அடைந்தது. 1861 இல் பிரான்சும் பிரிட்டனும் உடன்படிக்கை செய்துகொண்டபின் பிரிட்டிஷ் இந்தியப் பகுதிகளிலிருந்தும் ஆட்கள் அனுப்பப்பட்டனர். கடைசிக் கப்பல் வந்த 1889 வரை குவாதலூப்பில் மட்டும் ஏறத்தாழ 42,000 பேர் இறங்கினர். அவர்களுள் பெருந்தொகையினர் தமிழர். பெரும்பாலோர் இந்துக்கள், முஸ்லிம்கள் சிறு தொகையினர்.

இவ்வளவையும் படித்த பிறகு மாமியின் விருப்பமே அப்பகலின் நடுவாக அமைந்தது. அருவிக்கு மலைச்சாலையும் ஈரப் பாதையில் நடையும் அரை நாளை விழுங்கிவிடும்; மாமியால் நடக்கவும் இயலாது. சேன்ட்-ஆன் கடற்கரையோ எதிர்த்திசையில் உள்ளது. பிள்ளைகளை அழைத்து, அடுத்த துறைமுகத்தில் முழுப் பகலும் கடற்கரை அவர்களுக்கே என்று சொன்னோம். அதையும் தாளில் எழுதினோம். சிறுவரிடம் சொல்லும் சொல்லும் வாக்குறுதிதான்.

ஆனால் கல்லூரியில் படிக்கும் மருமகன் ஒரு கேள்வியை எழுப்பினார். அந்தத் தமிழரின் தடம் இன்று தெளிவாகத் தெரியும் இடங்களில் ஒன்று காபெஸ்டேர்-பெல்-ஓ ஊரின் அருகே ஷான்ஜி என்னுமிடத்தில் உள்ள மாரியம்மன் கோயில். "கோயில் வாசல்ல நமக்கு என்ன வேலை மாமா?" என்று அவர் கேட்டார். கேள்வி நியாயமானதே. நாங்கள் சொன்ன விடை இது: வழிபாட்டில் பங்கேற்பது வேறு, ஒரு மக்களின் வரலாற்றை அவர்கள் இருக்கும் இடத்திலேயே அறிந்துகொள்வது வேறு. வெளியே நிற்போம், சடங்கு எதிலும் கலந்துகொள்ள மாட்டோம், எவருடைய நம்பிக்கையையும் ஏளனமாகப் பேசவும் மாட்டோம். இம்மூன்றையும் அவர் ஏற்றுக்கொண்டார்.

பிறகு வழிகாட்டியைத் தேடினோம். ஆங்கிலம் பேசுபவராகவும், வண்டிக்கும் பயணிகளுக்கும் காப்பீடு வைத்திருப்பவராகவும் இருக்க வேண்டும் என்று விசாரித்து, ஒருவரோடு மின்னஞ்சலில் பேசினோம். அவருடைய குடும்பப் பெயர் ஒரு தமிழ்ப் பெயர். பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் நீண்டும் வளைந்தும் இருந்தது. சத்தமாகப் படித்தபோதுதான் எங்களுக்கு அது பிடிபட்டது.

மத்ரஸாவில் ஃபிக்ஹுப் பாடத்தில் இஜாரா என்னும் கூலி ஒப்பந்தத்தை நடத்தும்போது, வேலையும் தெரிந்திருக்க வேண்டும், கூலியும் தெரிந்திருக்க வேண்டும், இரண்டில் ஒன்று மங்கலாக இருந்தாலும் பிணக்கு வரும் என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு அல்பகரா அத்தியாயம் பணிப்பதையும் ஓதிக் கொடுக்கிறோம். அந்தப் பாடம் இங்கே பயன்பட்டது. நாள், கப்பலின் பெயர், சந்திக்கும் இடம், எட்டுப் பேரின் வயது, குழந்தை இருக்கை ஒன்று, நிறுத்தங்கள், திரும்பும் நேரம், யூரோவில் மொத்தத் தொகை, முன்பணம் எவ்வளவு, மீதி எப்போது ஆகிய அனைத்தையும் ஒரே மடலில் எழுதினோம். மோசமான வானிலையால் கப்பல் துறைமுகத்தைத் தவிர்த்துச் சென்றால் முன்பணம் என்னாகும் என்பதையும் கேட்டு எழுதிக்கொண்டோம். அத்தகைய முடிவு கப்பல் தலைவரின் உரிமை. அது நேர்ந்தால் வழிகாட்டியின் குற்றமும் அன்று, நம் குற்றமும் அன்று. பாதித் தொகையைத் திருப்பித் தருவதாக அவர் எழுதினார். அது நியாயமாகவே இருந்தது, ஏற்றுக்கொண்டோம். மது ஆலை வேண்டாம், நண்பகலுக்குப் பின் அரை மணி நேரம் தண்ணீர் உள்ள ஓரிடத்தில் தொழுகைக்கு வேண்டும் என்று கேட்டோம். ஆற்றங்கரையில் மரநிழலும் தண்ணீர்க் குழாயும் உள்ள இடம் ஒன்றைத் தாம் அறிவதாக விடை வந்தது.

உணவையும் முன்பே பேசிவிட்டோம். அத்தீவில் 'கொலம்போ' என்றொரு பண்டம் வீட்டுக்கு வீடு சமைக்கப்படுகிறது. மல்லி, சீரகம், மஞ்சள், வெந்தயம், கடுகு சேர்ந்த பொடியில் இறைச்சியோ மீனோ வேகும். 'குழம்பு' என்னும் நம் சொல்லே இப்படி ஆயிற்று என்பாரும் உண்டு. கொழும்பு நகரின் பெயர் என்பாரும் உண்டு. இறைச்சி ஹலாலா என்பதை அங்கே உறுதி செய்ய இயலாதாகையால் மீன் கொலம்போவும் சோறும் எட்டுப் பேருக்கு ஏற்பாடு செய்யச் சொன்னோம்.

தொழுகையில் எங்கள் குடும்பத்தில் இரு மத்ஹபினர் உள்ளோம். ஷாஃபிஈ வழியினரான நாங்கள் பயணத்தில் லுஹரையும் அஸரையும் சுருக்கி, ஒரே நேரத்தில் இணைத்துத் தொழும் சலுகையைப் பயன்படுத்தினோம். மைத்துனரின் மாமனார் ஹனஃபி வழியினர். அவர் சுருக்கித் தொழுவார், இணைப்பதில்லை. அவருக்கு லுஹர் ஆற்றங்கரையில், அஸர் கப்பலுக்குத் திரும்பியபின் என்று பிரித்து எழுதினோம். இத்தகைய குடும்பங்கள் நம்மில் பல உண்டு. திட்டம் போடும்போதே இருவரின் வழியையும் எழுதிவிட்டால் ஆற்றங்கரையில் விவாதம் எழாது.

அந்நாள் அல்லாஹ்வின் அருளால் எழுதியபடியே நடந்தது. ஒன்பதரைக்கு வழிகாட்டி வாயிலில் நின்றார். வாழைத் தோட்டங்களுக்கிடையே தெற்கு நோக்கிச் சென்று, முக்கால் மணி நேரத்தில் காபெஸ்டேரை அடைந்தோம். ஷான்ஜி கோயில் நெடுஞ்சாலை ஓரத்திலேயே இருக்கிறது. வண்ணச் சிலைகள் நிறைந்த அதன் முகப்பைப் பார்த்ததும் மாமி, "நம்ம ஊர்ப் பக்கம் மாதிரியே இருக்கே" என்று வியந்தார்கள்.

வேலிக்கு வெளியே நின்றபடி வழிகாட்டி தம் முன்னோரின் கதையைச் சொன்னார். ஏறத்தாழ மூன்று மாதக் கடற்பயணம். தோட்டத்தில் ஐந்தாண்டு ஒப்பந்தம். தங்களால் படிக்க இயலாத மொழியில் எழுதப்பட்ட தாளில் வைத்த கைநாட்டு. ஐந்தாண்டு முடிந்தால் இலவசமாக ஊருக்கு அனுப்புவோம் என்ற வாக்குறுதி. நோயிலும் உழைப்பிலும் இறந்தவர் ஏராளம். திரும்பிச் சென்றவர் ஒரு சிறு பகுதியினரே. அங்கேயே பிறந்த பிள்ளைகளுக்குக்கூடக் குடியுரிமை நெடுங்காலம் மறுக்கப்பட்டது. 1863 இல் காபெஸ்டேரில் பிறந்த ஆன்ரி சிதாம்பரோம் என்பவர் 1904 முதல் அதற்காக வழக்காடினார். அவருடைய போராட்டம் 1923 இல்தான் பலன் தந்தது. சிதம்பரம் என்னும் நம் ஊர்ப் பெயரே அவருடைய குடும்பப் பெயராக நிற்கிறது.

பிறகு வழிகாட்டி ஒன்றைச் சொன்னார். இத்தீவின் தமிழ் வழிபாடுகளில் மாரியம்மனோடு இன்னொரு பெயரும் உண்டு, அப்பெயருக்கு உயரமான கொடிமரம் ஏற்றுவார்கள், கடலில் தங்கள் மூதாதையரைக் காத்தவர் அவரே என்று நம்புகிறார்கள் என்றார். அப்பெயர் "நாகூர்மிரா."

மாமி அப்படியே நின்றுவிட்டார்கள். நாகூர் ஷாஹுல் ஹமீது வலியுல்லாஹ் அவர்களை மீரான் சாஹிபு என்று அழைப்பது நம் கடலோர வழக்கம். பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த அவர்களின் பெயர் மாலுமிகளின் நாவில் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்றதை அறிவோம். நாகூர்க் கந்தூரிக்கு இன்றும் நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் வடிவ ரதங்களில் கொடி வருகிறது. அந்தக் கொடியின் நினைவு அட்லாண்டிக் கடலையும் தாண்டி வந்திருக்கிறது.

"நாகூர் என்பது ஓர் ஊரா?" என்று வழிகாட்டி கேட்டார். அது தெய்வத்தின் பெயரில் ஒரு பகுதி என்றே அவர் இதுகாறும் எண்ணியிருந்தாராம். மைத்துனர் அதை மொழிபெயர்த்துச் சொன்னதும் மாமி, "ஊருதான் தம்பி. எங்க வீட்டுலேருந்து பஸ்ஸுல அரை மணி நேரம்" என்றார்கள். அந்த விடையை ஆங்கிலத்தில் கேட்ட அவர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, அரை மணி நேரமா என்று மீண்டும் ஒருமுறை கேட்டார்.

எங்களுக்கோ அந்தக் கணத்தில் வேறொரு சிந்தனை எழுந்தது. அந்தக் கப்பல்களில் வந்த முஸ்லிம்கள் சிதறடிக்கப்பட்டு வெவ்வேறு தோட்டங்களில் இருந்தனர். பள்ளிவாசல் இல்லை, பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்க உஸ்தாத் இல்லை. ஈமான் கொண்டு வந்தவர்களின் பேரர்களிடம் தொழுகை நிலைக்கவில்லை. இறைநேசர் ஒருவரின் பெயர் மட்டும், அவர் எந்த இறைவனை வணங்கினாரோ அந்தச் செய்தி உடன் வராமல், நின்றுவிட்டது. அதற்காக அந்த மக்களை நாம் குறை கூறலாகாது. கரும்புக் காட்டில் உயிர் பிழைப்பதே பெரும்பாடாக இருந்தவர்கள் அவர்கள். தமக்குத் தெரிந்ததை மறவாமல் காத்தார்கள். கற்பிக்கும் வாய்ப்பும் வசதியும் பெற்ற நாம் நம் பிள்ளைகளுக்கு எதைக் கொடுத்துச் செல்கிறோம் என்பதே நாம் நம்மிடம் கேட்க வேண்டிய கேள்வி. மருமகன் அதன்பின் கோயிலைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. வண்டியில் ஏறும்போது, "அவங்க எந்தப் பக்கம் பாத்துத் தொழுதிருப்பாங்க மாமா?" என்று மட்டும் கேட்டார்.

ஆற்றங்கரையில் அதற்கு விடை கிடைத்தது. வுளூ செய்துவிட்டுத் திசைகாட்டியை வைத்தோம். ஊரில் வாழ்நாளெல்லாம் மேற்கு நோக்கித் தொழுது பழகியவர்கள் நாங்கள். குவாதலூப்பிலிருந்து கிப்லா கிழக்கே, வடக்குச் சாய்வாக, ஏறத்தாழ 66 பாகையில் உள்ளது. கஅபாவைக் கடந்து வந்துவிட்ட அந்த மனிதருக்கு இதை எவரேனும் சொல்லியிருப்பார்களா, அல்லது பழக்கத்தால் மேற்கையே நோக்கி நின்றிருப்பாரா என்று எண்ணியபோது நெஞ்சு கனத்தது. எந்நிலையில் தொழுதிருந்தாலும் ரஹ்மான் அவரை ஏற்றுக்கொள்வானாக.

உணவு முடித்துப் புவாண்ட்-அ-பீத்ர் திரும்பி, மெமோரியல் ஆக்ட் என்னும் நினைவகத்தைக் கண்டோம். அடிமை வணிகத்தின் வரலாற்றைச் சொல்லும் அது, பழைய டார்பூசியே சர்க்கரை ஆலை நின்ற இடத்தில் 2015 இல் திறக்கப்பட்டது. அங்கே ஒரு மணி நேரம் போதாது; எனினும் எங்களிடம் இருந்தது அவ்வளவே. ஒப்பந்தத் தொழிலாளரின் பதிவேடுகள் தீவின் ஆவணக் காப்பகத்தில், குர்பேர் என்னும் ஊரில் உள்ளன. மாமியின் உறவினரைத் தேடுவதற்கு ஒரு பகல் போதாது. அதற்குத் தனியே வர வேண்டும். இதை மாமியிடம் சொன்னோம். "பரவாயில்ல. இந்த மண்ணுல நின்னு துஆ செஞ்சாச்சு" என்றார்கள்.

நான்கு மணிக்குத் துறைமுக வாயிலில் இறங்கினோம். கூலியைத் தாமதமின்றிக் கொடுப்பது நபிவழி. மீதித் தொகையை முன்பே உறையில் வைத்திருந்தோம். இறங்குவதற்கு முன் அதை வழிகாட்டியிடம் கொடுத்தோம். எழுதியபடி அவர் நடந்தார்; எழுதியபடி நாங்களும் நடந்தோம். இதே துறையில் இறங்கியவர்களுக்கும் ஒரு தாள் இருந்தது. அதிலும் வேலை, கூலி, திரும்பும் வழி ஆகிய மூன்றும் எழுதப்பட்டிருந்தன. எங்களுடையது ஒரு பகலுக்கான தாள், எங்களால் அதைப் படிக்க முடிந்தது, மறுக்கவும் முடிந்தது. அவர்களுடையது ஐந்தாண்டுக்கான தாள். அவர்களுக்கு அவ்விரண்டும் இல்லை. எழுதப்பட்ட தாள் மட்டும் நீதியாகிவிடாது. இரு தரப்பும் அதைப் புரிந்துகொண்டிருக்க வேண்டும். வலியவர் அதைக் காக்க வேண்டும்.

இத்தகைய பயணத்தைத் திட்டமிடும் குடும்பங்களுக்குச் சுருங்கச் சொல்வதானால்: திரும்பும் நேரத்திலிருந்து பின்னோக்கி எழுதுங்கள். கப்பலின் கடிகாரமும் கரையின் கடிகாரமும் ஒன்றா என்று கேளுங்கள். தொழுகையையும் உணவையும் ஒப்பந்தத்திலேயே சேருங்கள். வீட்டின் முதியவர் எதைக் காண விரும்புகிறார் என்று முதலில் கேளுங்கள். சென்று இறங்கும் கரையில் நமக்கு முன்னே இறங்கியவர்கள் யார் என்பதைக் கப்பலேறும் முன்பே படித்துக்கொள்ளுங்கள். வழிகாட்டியின் உழைப்பு வாடகைக்கு எடுக்கப்பட்டதே ஒழிய அவர் நம் ஏவலாள் அல்லர் என்பதைப் பிள்ளைகளின் முன்னிலையில் நம் நடத்தையால் காட்டுங்கள்.

ஊரை விட்டுச் சென்று, திரும்ப இயலாமல் அந்நிய மண்ணில் அடங்கிய நம் முன்னோர் அனைவரின் பிழைகளையும் அல்லாஹ் பொறுத்து, அவர்களின் கப்றுகளை ஒளிமயமாக்குவானாக. நம் பயணங்களைப் பயனுள்ளவையாகவும், நம் ஒப்பந்தங்களை நேர்மையானவையாகவும் ஆக்குவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.